டெய்லர் கடைத்தெருவில் புகை: லூயி மியூலர் பார்பிக்யூ, சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

ரவுண்ட் ராக், சீடர் பார்க் பக்கம் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் நம்மவர்களிடம், "ஊர்லேருந்து ஆள் வந்திருக்காங்க, டெக்சாஸ் பார்பிக்யூன்னா எங்க கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டால், பெரும்பாலும் ஆஸ்டின் நகருக்குள் இருக்கும் ஃபிராங்க்ளின் என்ற கடையைச் சொல்வார்கள். (பார்பிக்யூ என்றால் இங்கே விறகுப்புகையில் மணிக்கணக்கில் வேகவைத்த கறி.) அங்கே காலையிலேயே மடக்கு நாற்காலியோடு போய் மணிக்கணக்கில் வரிசையில் உட்கார வேண்டும். என்னைக் கேட்டால் ஆளை எதிர்த் திசையில் அனுப்புவேன். 79-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே ஹட்டோவைத் தாண்டி ஏறக்குறைய அரை மணி நேரம் ஓட்டினால் டெய்லர். ரயில் பாதையோடு பிறந்து பருத்தியில் வளர்ந்த ஊர். அதன் பழைய கடைத்தெருவில் லூயி மியூலர் பார்பிக்யூ இருக்கிறது. சில வருடங்களாக அங்கே போய்க்கொண்டிருக்கிறேன். ஒருமுறை சுற்றுலாவாகப் போய்விட்டு எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்; அடிக்கடி போகிற ஆளாக நான் சொல்ல வேண்டியது வேறு.

முதலில் இடம். வெளியிலிருந்து பார்த்தால், வாடகைக்கு ஆள் கிடைக்காத பழைய கிடங்கு என்றே நினைக்கத் தோன்றும். லூயி மியூலர் 1949-இல் தொடங்கிய கடை இது. இப்போதிருக்கும் கட்டடத்துக்கு 1959-இல் வந்தார்கள். அதற்கு முன்னால் இது உடற்பயிற்சிக் கூடமாக இருந்ததாம். அதனால்தான் கூரை அவ்வளவு உயரம். உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கு முதலில் தெரிவது சுவர். பல பத்தாண்டு விறகுப்புகை படிந்து, பழுப்பும் கறுப்புமாக, எந்தப் பெயின்ட் கடையிலும் கிடைக்காத நிறத்தில் இருக்கும். வந்துபோனவர்கள் குத்திவைத்த விசிட்டிங் கார்டுகள் ஒரு பலகை முழுக்க. கீழே இருக்கும் பழைய அட்டைகளில் பெயரைப் படிக்க முடியாத அளவுக்குப் புகை ஏறியிருக்கிறது. இப்போது புதிதாகத் திறக்கும் பார்பிக்யூ கடைகள் இந்தத் தோற்றத்துக்காகவே பழைய மரப்பலகை வாங்கி ஒட்டுகின்றன. இங்கே யாரும் எதையும் ஒட்டவில்லை.

லூயிக்குப் பிறகு மகன் பாபி, பாபி 2008-இல் காலமான பிறகு அவர் மகன் வெய்ன் என்று மூன்றாம் தலைமுறை நடத்துகிறது. 2006-இல், அமெரிக்க உணவகங்களுக்குப் பெரிய கௌரவமாகக் கருதப்படும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை விருதுகளில் 'அமெரிக்காவின் கிளாசிக்' விருது கிடைத்தது. இன்னொரு தகவலும் உண்டு. இன்றைக்கு உலகப் புகழோடு இருக்கும் ஆரோன் ஃபிராங்க்ளின், சொந்தக் கடை போடுவதற்கு முன் ஆஸ்டினில் பாபியின் இன்னொரு மகன் ஜான் நடத்திய கடையில் வேலை பார்த்தவர். ஆக, அந்த நீண்ட வரிசையின் வேரில் ஒன்று டெய்லரில் இருக்கிறது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். மேசைக்கு வந்து ஆர்டர் எடுக்கும் வழக்கம் இல்லை. வரிசையில் நின்று கவுண்ட்டருக்குப் போனால், எதிரே வெட்டுப்பலகையும் கத்தியுமாக ஒருவர் நிற்பார். எடை கணக்குத்தான்: அரை பவுண்டு, கால் பவுண்டு என்று கேட்கலாம். வெட்டும்போதே ஓரத்துக் கருகல் துண்டு ஒன்றைச் சுவை பார்க்க நீட்டுவது இந்தக் கடையின் பழைய வழக்கம். அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அவசரமில்லாமல் பேசுங்கள். இந்த மாதிரிக் கடையில் நம் சாப்பாடு எப்படி அமையும் என்பது பாதி தீயிடமும், பாதி அந்தக் கத்தி பிடித்த கையிடமும் இருக்கிறது. அவரிடம் என்ன கேட்கத் தெரியும் என்பது மட்டுமே நம் பங்கு.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுக்கறி. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தசைகள் சேர்ந்தது. கீழே தட்டையானது, கொழுப்புக் குறைவு. மேலே பருத்தது, கொழுப்பு ஊடுருவியது. ஒன்றும் சொல்லாமல் "பிரிஸ்கெட்" என்று மட்டும் கேட்டால் தட்டைப் பக்கம் வர வாய்ப்பு அதிகம். உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதையே வாங்கட்டும். ருசிக்காக இவ்வளவு தூரம் வந்தவர்கள் "மாயிஸ்ட்" என்று கேளுங்கள், அல்லது "ஃபேட்டி" என்று சொன்னாலும் புரியும். கொழுப்பு என்றதும் முகம் சுளிக்கிற நண்பர்களையும் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் தீக்கு அருகில் கிடந்த கொழுப்பு, குழம்பில் மிதக்கும் கொழுப்பு அல்ல. பாதி உருகி ஓடிப்போயிருக்கும், மிச்சம் கறிக்குள்ளேயே கரைந்து நிற்கும்.

நல்ல பிரிஸ்கெட்டா என்று பார்க்க உள்ளூர்க்காரர்கள் ஒரு துண்டை விரலின் மேல் போடுவார்கள். இரண்டு பக்கமும் தொங்க வேண்டும், ஒடியக் கூடாது. இரண்டு கையாலும் மெல்ல இழுத்தால் பிய்ய வேண்டும். இழுக்காமலே உதிர்ந்தால் அளவுக்கு மேல் வெந்துவிட்டது என்று பொருள். நாருக்குக் குறுக்கே வெட்டினால்தான் இது அமையும். இரண்டு தசைகளின் நாரும் வெவ்வேறு திசையில் ஓடுவதால், வெட்டுகிறவர் பாதியில் கறித்துண்டைத் திருப்பி வைப்பார். அதைச் செய்யாத கடையில் எனக்குப் பசி அடங்கிவிடும்.

இதில் ஏன் இவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நெஞ்சுக்கறியில் கொலாஜன் நிறைய; தசையைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் கெட்டியான புரதம் அது. அது உருகி ஜெலட்டின் ஆக நேரமும் சூடும் வேண்டும். அடுப்புக்குள் 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரைதான் வெப்பம். கறியின் உள்சூடு 95 டிகிரியைத் தொட வேண்டும். நடுவில் 65, 70 டிகிரி வாக்கில் சூடு ஏறாமல் அப்படியே நின்றுவிடும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், கறி தன்னைத்தானே குளிரவைத்துக்கொள்கிறது. அந்த மணிநேரங்களில் பொறுமை இழந்து தீயைத் தூண்டினாலும், அல்லது சீக்கிரம் எடுத்துவிட்டாலும், மத்தியானம் சாப்பிடுகிறவனுக்குத் தெரிந்துவிடும். எரிவது போஸ்ட் ஓக் விறகு. விறகின் ஈரம், அன்றைய காற்று, மழை எல்லாமே கணக்கில் வரும். ஒரே கடையில், ஒரே மாதத்தில், இரண்டு நாள் சாப்பாடு ஒரேபோல இருக்காது. இதைக் குறை என்று நினைக்கிறவர்களுக்குச் சங்கிலிக் கடைகள் இருக்கின்றன.

ஆஸ்டினுக்குள் பெயர் வேண்டாத ஒரு கடையில், சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, காலையில் வெந்ததை நீராவியில் திரும்பச் சூடாக்கிக் கொடுத்தார்கள். சாம்பல் நிறத்தில், துணி மாதிரி. மேலே இருந்த மிளகுத் தோல் ஊறிப்போய்க் கழன்று வந்தது. மேசை, விளக்கு, பாட்டு எல்லாம் அங்கே அருமை. அன்றிலிருந்து எந்த பார்பிக்யூ கடைக்கும் இரண்டு மணிக்கு மேல் போவதில்லை.

மியூலரின் அடையாளம் மிளகு. உப்பும் மிளகும் மட்டும்தான் தடவுகிறார்கள், அதில் மிளகின் கைதான் ரொம்ப ஓங்கியிருக்கும். வெந்து முடியும்போது அது கறுத்த மேலோடாகிவிடும். கடித்தால் முதலில் உறைப்பு, பிறகு புகை, அதற்குப் பிறகுதான் கறி. அமெரிக்கச் சாப்பாடு என்றாலே சப்பென்று இருக்கும் என்று நினைத்து வருகிற நம் ஆட்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த மாமனாரைக் கூட்டிப்போனபோது, ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "மாப்ள, இவ்வளவு மிளகைப் போட்டுட்டு சோறு போடலைன்னா எப்படி?" என்றார். நியாயமான கேள்வி. பதிலுக்கு வெள்ளை பிரெட்டை நகர்த்திவைத்தேன்.

பீஃப் ரிப், அதாவது மாட்டு விலா எலும்புக்கறி பற்றிச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவார்கள். இந்தக் கடையின் பெயரை ஊருக்கு வெளியே கொண்டுபோனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே ஒரு எலும்பு, எலும்போடு சேர்த்து ஒரு பவுண்டை எளிதாகத் தாண்டும். தட்டில் வைத்ததும் பக்கத்து மேசைக்காரரும் போன் எடுப்பார். ருசியில் குறையே சொல்ல முடியாது. பிரிஸ்கெட்டைவிட ஆழமான மாட்டுக்கறி ருசி, வெண்ணெய் பதம். ஆனால் என் அபிப்பிராயம்: தனியாக ஒருவர் அதைச் சாப்பிடவே கூடாது. நாலாவது வாய்க்கு மேல் நாக்கு மரத்துப்போகும், பிறகு சாப்பிடுவது வீம்புக்கு. மூன்று பேர் ஒரு ரிப்பைப் பகிர்ந்தால் கடைசி வாய் வரைக்கும் சந்தோஷம்.

யாரும் பெரிதாகப் பேசாத சாசேஜ்தான் நான் தவறாமல் வாங்குவது. மத்திய டெக்சாஸ் பார்பிக்யூவே ஜெர்மானிய, செக் குடியேறிகளின் கசாப்புக் கடைகளிலிருந்து வந்தது. விற்காமல் மிஞ்சிய கறியைக் கெடாமல் இருக்கப் புகை போட்டார்கள், துண்டுதுணுக்குகளை சாசேஜாக அடைத்தார்கள். பருத்தி எடுக்க வந்த கூலியாட்கள் அதைக் காகிதத்தில் வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டுப் பழக்கினார்கள். தட்டுக்குப் பதில் இன்றும் பழுப்புக் காகிதம் விரிப்பது அந்த நாளின் மிச்சம். பிரிஸ்கெட் பிரபலமானதெல்லாம் 1960-களில் பெட்டியில் அடைத்த இறைச்சி சந்தைக்கு வந்த பிறகுதான். சாசேஜ் அதற்கு மூத்தது. ஹலபேன்யோ மிளகாய் போட்டதை வாங்குங்கள். கடித்ததும் தோல் பட்டென்று வெடித்துச் சாறு தெறிக்கும், வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதீர்கள்.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்களோடு போவது நம் வீடுகளில் சகஜம். "எனக்கு இங்க என்னடா இருக்கு மச்சான்?" என்ற கேள்வி பார்க்கிங்கிலேயே வந்துவிடும். வான்கோழி இருக்கிறது, பன்றி ரிப் இருக்கிறது. வான்கோழியைப் பரிதாபத்துக்கு வாங்குவது என்று நினைக்க வேண்டாம். அதே மிளகு, அதே புகை, ஈரம் காயாமல் இருக்கும். சாசேஜில்தான் கவனம் வேண்டும்: மத்திய டெக்சாஸில் அது பெரும்பாலும் மாட்டுக்கறி. சைவக்காரர்களுக்கு வழியில்லை. பீன்ஸ் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். இந்த ஊரில் பீன்ஸில் கறி விழுந்திருக்கும், எந்தக் கடையானாலும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சாஸ் ஒன்று தருவார்கள். கேன்சஸ் சிட்டிப் பக்கத்துக் கெட்டியான இனிப்பு சாஸ் கிடையாது. தக்காளியும் வெங்காயமுமாக, தெளிவு ரசம் போலத் தண்ணியாக இருக்கும். சாசேஜைத் தொட்டுக்கொள்ள நன்று. பிரிஸ்கெட்டில் ஊற்றினால் அந்த மிளகு ஓட்டுக்குச் செய்யும் துரோகம். பச்சை வெங்காயம், வெள்ளரிப் பிக்கிள் இரண்டும் அவசியம். கொழுப்பின் நடுவில் வாயைக் கழுவிவிடுவது அவைதான். உருளைக்கிழங்கு சாலட், கோல்ஸ்லா பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கொஞ்சம் அதிகமாகவே வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவது என் வழக்கம். மைக்ரோவேவில் வைத்தால் செத்தது. அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, 120 டிகிரி ஓவனில் அரை மணி நேரம். அல்லது இன்னும் நல்ல வழி: பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்து அதில் இரண்டே நிமிடம் பிரட்டி எடுக்க வேண்டும். உப்பும் மிளகும் சேர்க்கவே வேண்டாம். கொத்துப் பரோட்டாவில் போட்டால் வீட்டில் சண்டையே வரும். மாமனாரின் சோற்றுக் கேள்விக்கும் இதுதான் பதில்.

விலையைச் சொல்லாமல் முடித்தால் நேர்மையாக இருக்காது. மலிவு இல்லை. டெக்சாஸ் முழுக்கவே பார்பிக்யூ மலிவுச் சாப்பாடாக இருந்த காலம் முடிந்துவிட்டது. மாட்டுக்கறி விலை ஏறிக்கொண்டே போகிறது, பன்னிரண்டு மணி நேரம் தீயைப் பார்க்க ஆள் கூலியும் சேர்ந்துவிடுகிறது. நான்கு பேர் கண்டபடி கைநீட்டினால் நல்ல உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல் பில் வரும். அதனால் முதல் சுற்றில் குறைவாக வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்து, போதாவிட்டால் திரும்பப் போய் நில்லுங்கள்.

2021-இல் சாம்சங் டெய்லரில் 1,700 கோடி டாலர் சிப் தொழிற்சாலை அறிவித்ததிலிருந்து ஊர் மாறிக்கொண்டிருக்கிறது. 79-இல் லாரிகள், மத்தியான வரிசையில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிய ஆட்கள், பக்கத்துத் தெருக்களில் புது காபிக் கடைகள். எனக்கு இதில் வருத்தமில்லை. கூலிக்காரர்களுக்குக் காகிதத்தில் கறி விற்ற பரம்பரையில் வந்த கடையில் ஷிஃப்ட் முடித்த ஆட்கள் நிற்பது சரியாகத்தான் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள், பதினொன்றரைக்குள் போங்கள். ஞாயிறு மூடியிருக்கும் என்ற கணக்கில் திட்டமிடுங்கள், கிளம்பும் முன் நேரத்தைச் சரிபாருங்கள். கறி தீர்ந்தால் கடை முடிந்தது. ஆகஸ்டில் வெளியே 38 டிகிரி அடிக்கும்போது ரிப் வேண்டாம், நவம்பருக்கு ஒத்திப்போடுங்கள். மூன்று பேர் என்றால் ஒரு ரிப், அரை பவுண்டு கொழுப்புள்ள பிரிஸ்கெட், இரண்டு சாசேஜ் போதும். திரும்பி வந்து அலுவலக மீட்டிங்கில் உட்கார வேண்டியவர்கள் மாற்றுச் சட்டை எடுத்துப் போகவும். அந்தப் புகை தலைமுடியிலும் கார் சீட்டிலும் அடுத்த நாள் வரைக்கும் இருக்கும்.