12ஏஎக்ஸ்7, 12ஏயு7, 6டிஜே8, 6எஸ்என்7: வீட்டு ப்ரீஆம்புக்கு எந்த வால்வு?

பவர் ஆம்புக்கு முன்னால் நின்று சிறு சிக்னலைப் பெரிதாக்கும் பெட்டி ப்ரீஆம்ப். அதில் அந்த வேலையைச் செய்யும் கண்ணாடிக் குழாய்தான் வால்வு: ஹீட்டர் சூடாக்கும் கேத்தோடிலிருந்து பிளேட்டுக்கு ஓடும் மின்னோட்டத்தை நடுவில் உள்ள கிரிட் கட்டுப்படுத்தும். ஒன்பது கால் கொண்ட ஒரே சாக்கெட்டில் 12ஏஎக்ஸ்7, 12ஏடி7, 12ஏயு7 என்ற வால்வுகள் மூன்றுமே உட்காரும். கால்களின் வரிசை ஒன்றுதான், ஹீட்டர் கேட்கும் மின்சாரமும் ஒன்றுதான்: 6.3 வோல்ட்டில் 300 மில்லிஆம்பியர். அதனால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகிக் கேட்டுவிட்டு, "இது இனிமை, அது வறட்சி" என்று தீர்ப்புச் சொல்வது வால்வு ரசிகர்களிடையே வழக்கமாகிவிட்டது. அந்தத் தீர்ப்புகளில் பெரும்பாலானவை சர்க்யூட்டையும் ஒலி அளவையும் பற்றியவை என்பது என் உறுதியான எண்ணம். வால்வுக்கென்று ஒரு குரல் உண்டு, மறுக்கவில்லை. அதைக் கேட்பதற்கு முன் விலக்க வேண்டியவை பல இருக்கின்றன.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். 12ஏஎக்ஸ்7இன் பெருக்கக் காரணி, அதாவது வால்வு தரக்கூடிய உச்சப் பெருக்கம், 100. 12ஏடி7க்கு 60. 12ஏயு7க்கு 17 முதல் 20 வரை. பிளேட்டில் 100 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்த சாதாரண சர்க்யூட்டில் 12ஏஎக்ஸ்7 சிக்னலைச் சுமார் 60 மடங்கு பெரிதாக்கும். அதே இடத்தில் 12ஏயு7ஐச் செருகினால் 13, 14 மடங்குதான் கிடைக்கும். டெசிபலில் சொன்னால் ஏறக்குறைய 13 டெசிபல் இறக்கம். வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பும் ஃபீட்பேக் இருக்கும் சர்க்யூட்டில் இந்த இறக்கம் குறையும், ஆனால் மறையாது. ஒலி மிகச் சிறிய அளவில் கூடினால் காது அதைச் சத்தம் கூடியதாக எடுத்துக்கொள்வதில்லை. தெளிவு வந்தது, பாஸ் நிறைந்தது, பாடகர் முன்னால் வந்து நின்றார் என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒலி அளவைச் சமப்படுத்தாமல் செய்வதை நான் ஒப்பீடாகவே எண்ணுவதில்லை.

சமப்படுத்துவது கடினமும் அல்ல. 400 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரால் ஏசி வோல்ட் அளந்து, இரண்டு வால்வுகளுக்கும் ஒரே எண் வரும்படி வால்யூமைத் திருப்பினால் போதும். ஒரு வோல்ட்டில் 10 மில்லிவோல்ட் முன்பின் இருக்கலாம், அது 0.1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். இன்னொரு சிக்கல், வால்வை ஆறவிட்டு, மாற்றி, மறுபடி சூடேறக் காத்திருப்பதற்குள் முதலில் கேட்டது மனதில் மங்கிவிடுகிறது. மோனோ இசைத்தட்டு ஒன்றை எடுத்து, இடது சேனலில் ஒரு வால்வும் வலது சேனலில் மற்றொன்றும் வைத்து, ஒரே ஸ்பீக்கருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்துக் கேட்பது நல்ல வழி. எந்தச் சேனல் ஓடுகிறது என்பது கேட்பவருக்குத் தெரியாமல் வேறொருவர் மாற்றித் தந்தால் இன்னும் நல்லது. கேட்க நான் எடுப்பவை மூன்று: தம்புராவின் நாதம் அடங்கும் விதம், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், பெண் குரலில் வரும் 'ஸ' ஓசை.

இனி ஒவ்வொன்றாக. 12ஏஎக்ஸ்7, ஐரோப்பியப் பெயரில் ஈசிசி83. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்க நிறுவனமான ஆர்சிஏ கொண்டுவந்தது. 1950களின் இறுதியில் வந்த மராண்ட்ஸ் 7 ப்ரீஆம்பில் இவை ஆறு, டைனாகோ பாஸ்-3 ப்ரீஆம்பில் நான்கு. அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் இதைத் தேர்ந்ததற்குக் காரணம் இசைத்தட்டு. ஊசியின் அசைவைச் சிக்னலாக்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். ஃபோனோ நிலை, அதாவது இசைத்தட்டுக்கான பெருக்கப் பகுதி, அதை 1 கிலோஹெர்ட்ஸில் 100 மடங்கு பெருக்க வேண்டும். ரெக்கார்டில் பாஸ் குறைத்து வெட்டப்பட்டிருப்பதால் 20 ஹெர்ட்ஸில் அதைப் போல இன்னும் 9 மடங்கு, அதாவது 900க்கு மேல் வேண்டும். இரண்டு 12ஏஎக்ஸ்7 நிலைகள் சேர்ந்து 60 × 60, அதாவது 3600 மடங்கு கையில் வைத்திருக்கும். ஃபீட்பேக் மிச்சத்தை உண்டு, ரெக்கார்டில் குறைத்த பாஸை ஈடுசெய்வதைத் திருத்தமாக வைக்கும். அதே இடத்தில் இரண்டு 12ஏயு7 வைத்தால் மொத்தமே 180 மடங்கு. பாஸை எழுப்பப் பெருக்கமே இல்லை. "12ஏயு7 போட்டேன், பாஸ் மெலிந்துவிட்டது" என்று ஃபோனோ நிலையில் மாற்றிப் பார்த்தவர் சொன்னால் அவர் கேட்டது உண்மை. ஆனால் அது 12ஏயு7இன் குணம் அன்று, கணக்கு அவ்வளவுதான் இடம் தருகிறது. ஃபோனோவில் கொஞ்சம் அமைதி வேண்டும் என்றால் 5751ஐப் பார்க்கலாம். பெருக்கக் காரணி 70, ராணுவ, தொழில்துறைப் பயன்பாட்டுக்காக உறுதியாகக் கட்டப்பட்டது. ஹீட்டர் 350 மில்லிஆம்பியர் கேட்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

லைன் நிலையில், அதாவது சிடி ப்ளேயருக்கும், டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக்கும் டாக்குக்கும் பின்னால், 12ஏஎக்ஸ்7 எனக்கு உவப்பானதல்ல. அதன் உள்தடை 62 கிலோஓம் அளவு. 100 கிலோஓம் ரெசிஸ்டரோடு சேர்ந்து பிளேட்டிலிருந்து நேரே சிக்னல் எடுத்தால் வெளியீட்டுத் தடை சுமார் 38 கிலோஓம். அங்கிருந்து மூன்று மீட்டர் கேபிள் இழுத்து, மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 14 கிலோஹெர்ட்ஸிலேயே மேல்சுரங்கள் 3 டெசிபல் இறங்கிவிடும். இதைத்தான் பலர் "வால்வின் இதமான சூடு" என்று வர்ணிக்கிறார்கள். உள்ளே வரும் பக்கமும் கவனிக்க வேண்டும். கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் 1.7 பிக்கோஃபாரட்தான் என்றாலும், வால்வின் பெருக்கத்தால் அது 100 பிக்கோஃபாரட்டைத் தாண்டியதாக முன்னால் இருக்கும் வால்யூமுக்குத் தெரிகிறது. பழைய பெட்டிகளில் உள்ள 500 கிலோஓம் வால்யூமைப் பாதித் தடையில் வைத்தால் 12 கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே சரிவு தொடங்கும். இரவில் மெதுவாகக் கேட்கும்போது ஒரு குரலும், வால்யூமை முழுதாகத் திருப்பும்போது வேறொரு குரலும் அந்தப் பெட்டி தருவது இதனால்தான். வெளியீட்டுத் தடையைக் குறைக்கும் கேத்தோடு ஃபாலோயர் நிலை ஒன்றைக் கடைசியில் வைத்து, வால்யூமை 50 அல்லது 100 கிலோஓமாக்கினால் 12ஏஎக்ஸ்7 வேறு வால்வாகவே கேட்கும்: தெளிவு, வேகம், சற்றே மெலிந்த தொப்பி.

12ஏயு7க்கு இந்தக் கேபிள் தொல்லை கிடையாது. அதன் உள்தடை 7.7 கிலோஓம். ஆனால் 5 முதல் 10 மில்லிஆம்பியர் ஓடும்போதுதான் அது நன்றாகப் பாடும். 12ஏஎக்ஸ்7க்காக ஒரு மில்லிஆம்பியர் அளவில் கட்டிய சர்க்யூட்டில் செருகினால் பட்டினி கிடக்கும் வால்வைத்தான் கேட்கிறோம். சாக்கெட்டில் பொருந்தியதாலேயே செருகி, "மந்தம்" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அதற்கென்றே கட்டிய ப்ரீஆம்பில் கேட்டால் நடுச்சுரங்களில் நல்ல நிறைவு, குரலுக்கு உடல். என் குறை, தம்புராவில் ஒன்றன்மேல் ஒன்றாக எழும் மெல்லிய நாதங்கள் தனித்தனியாகப் பிரியாமல் ஒட்டிக்கொள்கின்றன. அளந்தவர்களும் இதே அளவு பெருக்கம் தரும் 6எஸ்என்7ஐவிட 12ஏயு7இல் சிதைவு கூடுதலாகவே கண்டிருக்கிறார்கள்.

12ஏடி7ஐப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. உயர் அலைவரிசை வேலைக்காகப் பிறந்தது. கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் எதிரொலி தரும் ரிவெர்ப் ஸ்பிரிங்கை இயக்கவும், பவர் ஆம்பில் ட்ரைவராக நிற்கவும் அது சிறந்தது. லைன் நிலையில் என் காதுக்குக் கொஞ்சம் கரகரப்பு. ஏற்கெனவே அதை வைத்துக் கட்டிய பெட்டி இருந்தால் அப்படியே விடுங்கள், தேடிப்போக வேண்டியதில்லை.

6டிஜே8, ஐரோப்பியப் பெயரில் ஈசிசி88. தொலைக்காட்சியின் ட்யூனருக்காக உருவானது. கிரிட் கம்பியை ஓர் உறுதியான சட்டத்தில் இறுக்கிக் கட்டி, கேத்தோடுக்கு மிக நெருக்கமாக வைத்திருக்கிறார்கள். அதனால் கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் பிளேட் மின்னோட்டத்தில் 12.5 மில்லிஆம்பியர் அசைவு கிடைக்கிறது; 12ஏஎக்ஸ்7க்கு இது 1.6தான். இந்த அசைவு கூடும்போது வால்வின் உள் இரைச்சல் குறையும். உள்தடை 2.6 கிலோஓம் என்பதால் நீளமான கேபிள், உள்ளீட்டுத் தடை குறைந்த டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் எதற்கும் இது அசராது. சமப்படுத்திக் கேட்டபோது இரைச்சலற்ற அமைதியிலும் 'ஸ' ஓசையின் துல்லியத்திலும் மற்ற எல்லாவற்றையும் இது முந்தியது. கூர்மை அதிகம், காதைக் குத்துகிறது என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. கிரிட்டில் சில நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வால்வுக்கு ஒட்டியே வைக்காவிட்டால் இந்த வால்வு காதுக்கு எட்டாத உயர் அலைவரிசையில் தானாக அதிரத் தொடங்கும். அந்த அதிர்வு கேட்காது, அதன் கெடுதல் மட்டும் கேட்கும். அந்தக் குத்தல் பல இடங்களில் இதிலிருந்து வருவது.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். ஒன்பது கால் இருப்பதால் 6டிஜே8ஐ 12ஏஎக்ஸ்7 சாக்கெட்டில் செருகவே கூடாது. 12ஏஎக்ஸ்7இல் 9ஆம் கால் ஹீட்டரின் நடு முனை, 6டிஜே8இல் அது உள்திரை. 12.6 வோல்ட்டில் இணைத்த சாக்கெட்டாக இருந்தால் ஹீட்டர் எரிந்துபோகும். பிளேட் வோல்ட்டேஜும் 130ஐத் தாண்டக் கூடாது, 12ஏஎக்ஸ்7 பெட்டிகளில் 200க்கு மேல் இருப்பது சாதாரணம். வால்வு மாற்றும் எவரும் பெட்டியைத் திறப்பதானால், சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் அந்த வோல்ட்டேஜ் தேங்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

என் மனம் சாய்வது 6எஸ்என்7 பக்கம். எட்டுக் கால் கொண்ட பெரிய வால்வு. போர்க்கால ராணுவப் பெட்டிகளில் விடி-231 என்ற பெயரில் உழைத்தது, 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியிலும் இருந்தது. இசைக்கென்று யாரும் இதைப் படைக்கவில்லை. பெருக்கக் காரணி 20, உள்தடை 7.7 கிலோஓம், தாளில் பார்த்தால் 12ஏயு7இன் அண்ணன். ஆனால் கிரிட்டில் வரும் அசைவுக்கு நேர்விகிதமாகப் பிளேட்டில் அசைவு தருவதில் இதற்கு ஈடான சின்ன வால்வு அரிது. மிஞ்சும் சிறு சிதைவும் பெரும்பாலும் இரண்டாம் இசைவில், அதாவது மூல சுரத்தின் இரு மடங்கு அதிர்வில், விழுகிறது.

கர்நாடக இசை கேட்கும் காதுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு ஸட்ஜத்தின் இரண்டாம் இசைவு தார ஸட்ஜம். மூன்றாவது அதற்கு மேலுள்ள பஞ்சமம். நான்காவது மறுபடி ஸட்ஜம், ஐந்தாவது அந்தர காந்தாரம். நன்றாகச் சேர்த்த தம்புராவில் காந்தாரம் தானாக ஒலிப்பது இதனால்தான். ஏழாவது நம் ஸ்வரஸ்தானம் எதிலும் சரியாக நிற்பதில்லை, கைசிகி நிஷாதத்துக்குக் கீழே தொங்கும். வால்வு சேர்க்கும் கலப்படம் தார ஸட்ஜமாக மட்டும் இருந்தால் காது அதைப் பகையாக நினைப்பதில்லை, நாதம் கொஞ்சம் செழித்ததாகவே ஏற்கிறது. 6எஸ்என்7 வழியாகக் கேட்கும் வீணையில் மீட்டு அடங்கும் வரை கமகத்தின் ஒவ்வோர் அசைவும் தொடர்ந்து கேட்கிறது. தொப்பியில் அடித்த கையின் எடையும் தெரிகிறது. 6டிஜே8இல் அதே வீணை இன்னும் தெளிவு, ஆனால் சற்றுத் தள்ளி நிற்கிறது. இந்த வேறுபாடு ஒலி அளவைச் சமப்படுத்திய பிறகும் எனக்கு நிலைத்தது, அதனால் நம்புகிறேன். 6எஸ்என்7இன் குறை, தட்டினால் ஸ்பீக்கரில் மணியடிக்கும் வால்வுகள் கலந்து வருவது. ஹீட்டரும் 600 மில்லிஆம்பியர் கேட்கும். 12ஏயு7 பெட்டியில் அடாப்டர் வைத்து இதைச் செருகுபவர்கள் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வால்வு வகையைத் தீர்மானித்த பிறகுதான் நிறுவனப் பெயருக்கு இடம். டெலிஃபங்கன் ஈசிசி83க்கு வழவழப்பான பிளேட், அடிக்கண்ணாடியில் கால்களுக்கு நடுவே வார்த்த வைர வடிவக் குறி. மேலே அச்சடித்த பெயரை யாரும் மாற்றி அச்சிடலாம், அந்தக் குறி அச்சில் வராது. மல்லார்ட் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் செய்தது. ஒலி அளவைச் சமப்படுத்திக் கேட்டால் டெலிஃபங்கனில் மேல்சுரம் ஓர் இழை திறந்திருப்பதாகவும், மல்லார்டில் நடுச்சுரம் ஓர் இழை தடித்திருப்பதாகவும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரே பெயர் தாங்கிய இரண்டு வால்வுகளுக்கு இடையிலும் அதே அளவு வேறுபாடு வருகிறது. இன்று மல்லார்ட், டங்-ஸால், கோல்ட் லயன் என்ற பெயர்களில் புதிதாக விற்பவை ரஷ்யாவின் சரடோவ் ஆலையில் செய்தவை. அவை கெட்டவை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பழைய பெயரை நம்பி விலை கொடுக்க வேண்டாம். ஸ்லோவாக்கியாவின் சாட்சா ஊரில் செய்யும் ஜேஜே ஈசிசி83 ஃபோனோவில் அமைதியாக இருப்பதைக் கேட்டிருக்கிறேன்.

நம்மவர்கள் தேடாமல் விடுவது பெல். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. அதன் ஈசிசி83 மேல்நாட்டுச் சந்தையிலும் விலைபோகிறது. பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் டப்பாவில் கிடைத்தால், உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சைப் பாருங்கள்; வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, எடுக்க வேண்டாம். டெஸ்டரில் வால்வுக்குள் இருக்கும் இரண்டு பாதிகளும் ஒத்துப்போகின்றனவா என்று அளந்து, ஃபோனோவில் வால்யூமைக் கூட்டி இரைச்சல் கேளுங்கள். பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். இத்தனையிலும் தேறிய பெல், பாதி தேய்ந்த டெலிஃபங்கனைவிட என் ஃபோனோவில் நன்றாகவே பாடுகிறது.