“ஒரிஜினல்தான் ப்ரோ, நெட் மட்டும் கனெக்ட் பண்ணாதீங்க” – ஹோம் ஸ்டூடியோ பேக்கேஜ் வாங்குவோர் கவனத்துக்கு

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய கம்ப்யூட்டர், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), மைக், ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் ஒரே விலையில் ‘ஸ்டூடியோ பேக்கேஜ்’ என்று விற்கிறார்கள். மைக்கும் ஹெட்ஃபோனும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஏமாற்று நடப்பது கூடவே ஏற்றித் தரும் மென்பொருளில். பாட்டை உருவாக்கி மிக்ஸ் செய்யும் எஃப்எல் ஸ்டூடியோ, க்யூபேஸ், வாத்திய ஒலிகளை வாசிக்கும் கான்டாக்ட், அதன்மேல் ஒரு மூட்டை பிளகின் (இவற்றுக்குள் ஓடும் துணை மென்பொருள்). எல்லாமே ‘லைஃப்டைம் லைசென்ஸ்’. பில் கேட்டால் ஹார்ட்வேருக்கு மட்டும் வரும். மெஷினைக் கையில் கொடுக்கும்போதுதான் அந்த ஒரு வரியைச் சொல்வார்கள்: “ஒரிஜினல்தான் ப்ரோ, நெட் மட்டும் கனெக்ட் பண்ணாதீங்க, அப்டேட் கொடுத்துடாதீங்க.” இதைக் கேட்டதும் பணத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நெட்டைக் கண்டு பயப்பட வேண்டியது க்ராக் போட்ட, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த மென்பொருள் மட்டும்தான்.

லைசென்ஸ் என்பது ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் ஃபைல் இல்லை. தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கும் பதிவு. உங்கள் கணக்கைத் திறந்தால் அதில் அந்த மென்பொருளின் பெயர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நீங்கள் எதையும் வாங்கவில்லை என்று பொருள்.

முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே ஓடும். பிறகு ஒரு நாள் விண்டோஸ் டிஃபென்டர் தானாக அப்டேட் ஆகி, க்ராக் போட்ட பிளகினைத் தூக்கிவிடும். பாதி மிக்ஸ் செய்த புராஜெக்ட்டைத் திறந்தால் பிளகின் காணவில்லை என்று வரும். அந்த டிராக் மௌனமாகிவிடும். எஃப்எல் ஸ்டூடியோ டெமோவுக்குத் திரும்பிவிட்டால் இன்னும் மோசம். டெமோவில் புராஜெக்ட்டை சேவ் செய்ய முடியும், ஆனால் லைசென்ஸ் இல்லாமல் அதே புராஜெக்ட்டை மறுபடி திறந்து வேலையைத் தொடர முடியாது. விற்றவருக்கு போன் செய்தால் “ஃபார்மட் பண்ணி மறுபடி ஏத்தணும்” என்பார், அதற்குத் தனியாக சர்வீஸ் சார்ஜ்.

இன்னொரு கோளாறை யாரும் மென்பொருளோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பாடிக்கொண்டிருக்கும்போது படபடவென்று சத்தம் உடைகிறது. சத்தம் தடைபடாமல் சேர்த்துவைக்கும் பஃபரை 128-லிருந்து 1024-க்கு ஏற்றுகிறார்கள், இன்டர்ஃபேஸை இயக்கும் ஏசியோ டிரைவரை மாற்றுகிறார்கள், கடைசியில் இன்டர்ஃபேஸைக் குறை சொல்கிறார்கள். அதற்கு முன் எல்லாவற்றையும் மூடிவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். எதுவும் ஓடாதபோதே சிபியு பயன்பாடு அதிகமாக நிற்கிறதா? உள்ளே வேறு ஏதோ ஒளிந்து ஓடலாம். க்ராக் செய்த இசை மென்பொருள்களுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலை ஒளித்து வைத்துப் பரப்பியதை வைரஸ் தடுப்பு நிறுவனமான இசெட்டின் (ESET) ஆய்வாளர்கள் 2019-ல் வெளிப்படுத்தினார்கள். ‘லவுட்மைனர்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். விண்டோஸ், மேக் இரண்டையும் அது தாக்கியது. ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் சிபியு அதிகம் ஓடுவதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பதே அந்தக் கும்பலுக்கு வசதி. அதே மெஷினில்தான் நெட்பேங்கிங்கும் பார்க்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிய மெஷினைச் சோதிப்பது எளிது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், மேனேஜ் செட்டிங்ஸின் கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறங்கள். அங்கே சி டிரைவ் முழுவதையுமோ பிளகின் ஃபோல்டரையோ சேர்த்திருந்தால், வைரஸ் சோதனையிலிருந்து வேண்டுமென்றே விலக்கிவைத்திருக்கிறார்கள். இணைய முகவரிகளுக்கு விண்டோஸ் முதலில் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து, மென்பொருள் நிறுவனங்களின் முகவரிகளைத் தடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

க்ராக் இல்லாமலும் ஏமாற்றலாம். எஃப்எல் ஸ்டூடியோவின் ஃப்ரூட்டி எடிஷன் அசல்தான், ஆனால் அதில் குரலைப் பதிவு செய்ய முடியாது. பாடுகிறவருக்கு புரொட்யூசர் எடிஷனாவது வேண்டும். இதைச் சொல்லாமல் விற்பது அநியாயம். ‘விண்டோஸுக்கு லாஜிக் ப்ரோ’ என்று எவராவது விற்றால் அது மோசடியே. லாஜிக்கை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை 2002-ல் வாங்கிய ஆப்பிள், விண்டோஸ் பதிப்பை அப்போதே நிறுத்திவிட்டது. மேக்கில் விற்பவரின் ஆப்பிள் ஐடியைப் போட்டு லாஜிக் ஏற்றித் தந்தால் அந்த லைசென்ஸ் என்றைக்கும் அவருடையது. அதே ஐடியில் ஐகிளவுடையும் திறந்துவைத்துவிட்டால், உங்கள் மேக்கை எங்கோ இருந்தபடி பூட்டும் சாவியும் அவரிடம் போய்விடும்.

க்யூபேஸ் லைசென்ஸைச் சுமக்கும் பழைய யுஎஸ்பி டாங்கிளை செகண்ட்ஹேண்டில் வாங்குவதையும் தவிர்த்துவிடுங்கள். க்யூபேஸ் 11 வரை யுஎஸ்பி டாங்கிள் முறை. 2022-ல் வந்த 12-லிருந்து அது மாறிவிட்டது. அந்த டாங்கிளுக்கான பழைய இ-லைசென்சர் (eLicenser) சேவையை, க்யூபேஸைத் தயாரிக்கும் ஸ்டெய்ன்பெர்க் 2025 மே மாதம் மூடிவிட்டது.

தவில், நாதஸ்வரம் சவுண்ட் லைப்ரரி வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இலவச கான்டாக்ட் பிளேயரில் ஓடுமா, முழு கான்டாக்ட் வேண்டுமா? முழு கான்டாக்ட் தேவைப்படும் லைப்ரரி, இலவச பிளேயரில் 15 நிமிடத்தில் நின்றுவிடும்.

புது இன்டர்ஃபேஸாக இருந்தால் பெட்டியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, அன்றைக்கே சீரியல் எண்ணை நீங்களே பதிவு செய்யுங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் இன்டர்ஃபேஸோடு ஏபிள்டன் லைவ் லைட், ஸ்டெய்ன்பெர்க் யுஆர் இன்டர்ஃபேஸோடு க்யூபேஸ் ஏஐ என்று பதிவு மென்பொருளுக்கு உண்மையான லைசென்ஸே கிடைக்கிறது. கடைக்காரர் முந்திப் பதிவு செய்தால் அது அவர் கணக்குக்குப் போய்விடும். தொடங்குகிறவருக்கு இது போதும். போதாவிட்டால் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் இருக்கிறது: 60 நாள் முழு வசதியோடு இலவசம், தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். பேக்கேஜ்காரருக்குக் கொடுக்கும் சர்வீஸ் சார்ஜ் இரண்டு மூன்று தடவையில் இந்தத் தொகையை எட்டிவிடலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் அவசரப்பட்டு ஃபார்மட் செய்ய வேண்டாம். நெட்டைத் துண்டித்துவிட்டு, பிளகின்கள் இன்னும் ஓடும்போதே ஒவ்வொரு பாட்டையும் தனித்தனி டிராக்காக வேவ் ஃபைலாக எடுத்துவிடுங்கள். 24 பிட், புராஜெக்ட்டின் அதே சாம்பிள் ரேட், எல்லா டிராக்கும் முதல் பாரிலிருந்தே தொடங்க வேண்டும். மாஸ்டரில் சத்தத்தை அமுக்கும் லிமிட்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள். மிடியை (எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பு) தனியாக எக்ஸ்போர்ட் செய்து, டெம்போவை ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். வெளி டிஸ்க்கில் வேவும் மிடியும் மட்டும் போகட்டும். இன்ஸ்டாலர், பிளகின் எதையும் காப்பி செய்யாதீர்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். யுபிஐ-யில் பணம் கட்டியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட், விற்றவரின் வாட்ஸ்ஆப் உரையாடல் இரண்டையும் எடுத்துவைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். அதன் பிறகு டிஸ்க்கை முழுவதும் அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.