21-ஆவது மணி நேரத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்: லண்டனில் படிக்கும் மாணவர்களுக்கு

மாணவர் விசாவில் டிகிரி படிப்பவர்கள் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. விசாவைக் கவனிப்பது ஹோம் ஆபீஸ் என்ற அரசுத் துறை. லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு கடையில் எம்.எஸ்சி. மாணவர் ஒருவருக்கு நடந்தது இது. முதல் மூன்று நாள் "டிரெயினிங்", சம்பளம் கிடையாது. பிறகு வாரம் 35 மணி நேரம், மணிக்கு 7 பவுண்டு, கையில் காசு. "வரி பிடிக்க மாட்டாங்க தம்பி, உனக்குத்தான் லாபம்." ஐந்தாவது மாதம் இரண்டு வாரச் சம்பளம் வரவில்லை. கேட்டதற்குப் பதில்: "20 மணி நேரத்துக்கு மேல வேலை பார்த்திருக்கே. ஹோம் ஆபீஸுக்கு ஒரு போன் போடவா?" காசு வாங்காமலே அவர் வெளியேறினார்.

இதில் கணக்கைப் பாருங்கள். 2026 ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு, 18 முதல் 20 வயதுக்காரர்களுக்கு 10.85. சட்டப்படி 20 மணி நேரம் வேலை செய்தாலே 254.20 பவுண்டு. அந்தக் கடையில் 35 மணி நேரம் நின்றதற்குக் கிடைத்தது 245. 15 மணி நேரம் கூடுதலாக உழைத்தும் 9 பவுண்டு குறைவு. இன்னும் சில கடைகளில் 20 மணி நேரத்துக்கு முறையான பே ஸ்லிப்பே போடுவார்கள், பணத்தை வங்கியிலும் செலுத்துவார்கள், பிறகு ஒரு பகுதியைக் காசாகத் திருப்பிக் கேட்பார்கள். காகிதத்தில் கடை சுத்தம். உங்களிடம் காட்ட எதுவும் இருக்காது.

வரி பயமும் வீண். ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி இல்லை. வாரம் 254 பவுண்டு வாங்கினால் வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் (சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்புச் சந்தா) சேர்ந்து மூன்று, நான்கு பவுண்டுதான் போகும். அதைக் காப்பாற்றத்தான் மணிக்கு ஐந்தரைப் பவுண்டுக்கு மேல் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். வேலையில் சேரும்போது வரிக்காக நிரப்பும் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் படிவத்தில் தவறான கட்டத்தில் டிக் அடித்தால் முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிப்பார்கள், அது உண்மை. ஏப்ரல் 6-க்குப் பிறகு இதுவே முதல் வேலை என்றால் 'ஏ' கூற்றைத் தேர்ந்தெடுங்கள். கூடுதலாகப் பிடித்தது திரும்பக் கிடைக்கும்.

20 மணி நேரம் என்பதை எப்படி எண்ணுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30 என்று சராசரி போட முடியாது. இரண்டு கடையில் வேலை என்றால் இரண்டும் சேர்த்துத்தான் 20. சம்பளமில்லாத "டிரெயினிங்" நேரமும் அதில் சேரும். அந்த நேரத்துக்குக் கூலி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. டிகிரிக்குக் கீழான படிப்பு என்றால் வாரம் 10 மணி நேரம்தான். எல்லாவற்றையும் விட மோசமான தவறு கோடையில் நடக்கிறது. முதுநிலை மாணவர்களுக்கு டிசர்டேஷன் (ஆய்வேடு) எழுதும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான காலம் பெரும்பாலும் விடுமுறையே இல்லை, அதுவும் படிப்புக் காலம்தான். வகுப்பு இல்லை என்பதால் 40 மணி நேரம் போகாதீர்கள். பல்கலைக்கழகத்திடம் டெர்ம் தேதிகளை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உணவு டெலிவரி ஆப் கணக்கை வாடகைக்குத் தருகிறேன் என்று வருபவரை அண்டவே விடாதீர்கள். மாணவர் விசாவில் சுயதொழில் ஒரு மணி நேரம்கூடக் கூடாது. டெலிவரி ரைடர் வேலையும் சுயதொழிலாகத்தான் எண்ணப்படுகிறது. உங்கள் உழைப்பின் காசு கணக்குக்காரரின் வங்கிக்குப் போகும், அவர் தராவிட்டால் எங்கும் கேட்க முடியாது. டெலிவரிக்கான தனி இன்ஷூரன்ஸ் இல்லாத ஸ்கூட்டரைப் போலீஸ் பறிமுதல் செய்யலாம்.

அடுத்தது ஸ்பான்சர்ஷிப் விற்பனை, அதாவது வேலை விசாவுக்கு நிறுவனம் தரும் சிஓஎஸ் என்ற ஸ்பான்சர் சான்றைக் காசுக்கு விற்பது. "கேர் ஹோம் வேலை, சிஓஎஸ் வாங்கித் தர்றேன், இத்தனை ஆயிரம் பவுண்டு." 2023 ஜூலை முதல் படிப்பை முடிக்காமல் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாற முடியாது, பிஎச்.டி.யில் இரண்டு ஆண்டு முடித்தவர்களுக்கு மட்டும் விலக்கு. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசுக்குக் கட்டும் இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜை முதலாளிதான் கட்ட வேண்டும். 2024 டிசம்பர் 31 முதல் சிஓஎஸ் கட்டணத்தையும் நிறுவனத்தின் ஸ்பான்சர் லைசென்ஸ் கட்டணத்தையும்கூட உங்கள் தலையில் கட்டக் கூடாது. அரசின் ஸ்பான்சர் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருப்பதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் லைசென்ஸ் பறிபோனால், வேறு ஸ்பான்சர் தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ உங்களுக்குப் பொதுவாகக் கிடைப்பது 60 நாள்.

வேலை தருபவருக்கு உங்கள் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்க எந்தத் தேவையும் இல்லை. 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும், வேலை செய்யும் உரிமையைக் காட்டும் ஷேர் கோடும் பிறந்த தேதியும் போதும். யுகேவிஐ கணக்கின் (உங்கள் இணையவழி விசாக் கணக்கு) பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள்.

முதல் நாளிலிருந்தே ரோட்டாவை (கடையின் வேலை நேரப் பட்டியல்) படம் எடுங்கள், வந்த நேரம், போன நேரம் எழுதி வையுங்கள், வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். ஹெச்எம்ஆர்சி (வரித் துறை) ஆப்பில் உங்கள் பெயரில் கடை என்ன சம்பளம் காட்டியிருக்கிறது என்று மாதம் ஒரு முறை பாருங்கள். கல்லாவில் காசு குறைந்தது என்று பிடித்தால், எழுத்தில் நீங்கள் முன்பே சம்மதித்திருக்க வேண்டும். அப்போதும் அந்த முறைச் சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, கடைசிச் சம்பளம் மட்டும் விலக்கு.

சம்பளம் நின்றால் தொழிலாளர் தகராறுகளுக்கு உதவும் பொது அமைப்பான ஏகாஸின் உதவி எண் 0300 123 1100. இலவச ஆலோசனை. டிரிப்யூனலுக்கு (வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம்) போகும் முன் அவர்கள் வழியாகச் சமரச முயற்சியைத் தொடங்கியாக வேண்டும். காலக்கெடு குறுகியது, மாதக்கணக்கில் தள்ளாதீர்கள்.

ஏற்கெனவே 20-ஐத் தாண்டிவிட்டவர்கள் இன்றே நிறுத்துங்கள். மிரட்டுபவருக்கும் இதில் பயம் உண்டு: விதிமீறி வேலை கொடுத்த கடைக்கு முதல் முறையே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். ஆனால் உங்கள் விசாவும் ஆபத்தில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகம் உங்கள் ஸ்பான்சர், தெரிந்த மீறலை ஹோம் ஆபீஸுக்குச் சொல்லக் கடமைப்பட்டது. அதனால் அங்கே வாய் திறக்கும் முன், பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரையோ சொலிசிட்டரையோ பாருங்கள்.