ஆறு லட்சம் ரூபாய்: போர்டா, டேப்லெட்டா, சாயங்கால லேபா?

பவானிக்கும் அந்தியூருக்கும் நடுவில், தறிச் சத்தத்தோடு பாடம் கேட்ட அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. 1994-ல் பத்தாவது முடித்த செட்டு போன பொங்கலுக்கு ஒன்றுகூடினோம். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர், ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் பார்ப்பவர் என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டதில் ஆறு லட்சம் சேர்ந்தது. "இப்பத்திப் புள்ளைங்க போனோடயே பொறக்குதுங்க, டெக்னாலஜியா ஏதாச்சும் வாங்கிக் குடுத்துரலாமுங்க" என்றார் ஒருவர். எல்லோருக்கும் சம்மதம். எதை வாங்குவது என்பதில்தான் மூன்று கட்சி ஆனது. மகள் அங்கே எட்டாவது படிக்கிறாள், நானும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். அதனால் கொட்டேஷன் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் கட்சி தொடுதிரை போர்டு. 75 அங்குலம், ஒன்று 1.4 லட்சம், நான்கு வாங்கலாம். கம்பெனிப் பையன் வந்து டெமோ காட்டினான். இதயத்தைத் திரையில் சுழற்றிப் பிளந்து காட்டியதும் பிள்ளைகள் 'ஆ'வென்று வாய் பிளந்தார்கள்; நானும்தான். ஆசிரியர்களுக்கும் இதுவே பிடித்தம். அரசாங்கமும் இந்த வழியில்தான் போகிறது: தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட்டுகள். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளை இனி திரையைப் பார்த்துப் பழகித்தான் வரும்.

போர்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வருடச் சந்தா கட்டி வீடியோ வாங்கச் சொல்லி கம்பெனிக்காரர் நெருக்குவார். வேண்டாம். 2018-ல் வந்த புதுப் பாடநூல்களிலேயே கியூஆர் கோடு இருக்கிறது, பாட வீடியோ காட்டும் அரசின் மணற்கேணி செயலியும் இருக்கிறது. இரண்டும் இலவசம்.

போர்டின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் தொடுவார், நாற்பது பேர் பார்ப்பார்கள். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று கோரஸாக வரும். அந்தக் கோரஸை நம்பிக் கெட்டவர்கள் நாங்கள்.

இரண்டாவது கட்சி டேப்லெட். இதற்குக் காரணம் பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளி. மஞ்சள் பஸ் வாசலுக்கு வருகிறது, ஃபீஸோடு சேர்த்து டேப்லெட்டும் தருகிறார்கள். "நம்ம புள்ளைங்க மட்டும் இளப்பமுங்களா?" என்று கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. எங்களுக்கு வந்த விலை ஒன்று 11,000. ஆறு லட்சத்துக்கு 54 வரும், பள்ளியில் 240 பேர். சண்டை அங்கேயே ஆரம்பிக்கும்.

எண்ணிக்கையை விட்டுவிடுவோம். எல்லோருக்கும் கிடைத்தாலும் என்ன ஆகும்? பெரு நாட்டில் பார்த்துவிட்டார்கள். கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைக்கொரு லேப்டாப் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2012-ல் வந்தது. கணக்கிலும் மொழிப் பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் காணவில்லை. நம் ஊரிலும் 2011-ல் விலையில்லா லேப்டாப் வந்தது. என் அக்கா மகள் அதில் டேலி என்ற கணக்கு எழுதும் மென்பொருள் பழகித்தான் திருப்பூரில் வேலைக்குப் போனாள். அதே தெருவில் இன்னொரு வீட்டில் அது கல்யாண ஆல்பம் பார்க்கும் பெட்டியாகவே கிடந்தது. கூட உட்கார்ந்து கேட்க ஆள் இருந்ததா என்பதுதான் வித்தியாசம். ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டுகிற வீட்டில் யார் உட்காருவார்கள்?

மூன்றாவதை முதலில் யாரும் ஆதரிக்கவில்லை, நான் உட்பட. சொன்னது ஹெச்எம் அம்மா. பள்ளியில் ஏற்கெனவே ஹைடெக் லேப் இருக்கிறது, இருபது கம்ப்யூட்டர். "அதைச் சாயங்காலம் தொறந்து வெக்கறதுக்குக் காசு குடுங்க, போதும்."

இங்கே அந்த அம்மாவுக்கு முன்பிருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், நேரம் தவறாதவர். ஆனால் லேப் சாவி அவர் பீரோவுக்குள் இருக்கும். மவுஸ் ஒன்று காணாமல் போனாலும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே, ஆடிட்டில் அவர்தானே நிற்க வேண்டும்? பயம் நியாயமானது. மேலிருந்து ஆன்லைன் தேர்வு வந்தால் லேப் திறக்கும், முடிந்ததும் பூட்டு. இந்த அம்மா வந்த வாரமே சாவியை ஆபீஸ் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். யார் எடுத்தாலும் நோட்டில் நேரம் எழுத வேண்டும், அவ்வளவுதான். தினமும் ஒரு பீரியடு ஏதாவது ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்காருவார். எமிஸில் (கல்வித் துறையின் ஆன்லைன் பதிவேடு) பதிவேற்றும் வேலை கழுத்தை நெரித்தாலும் அந்த ஒரு பீரியடை விடுவதில்லை.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்துதான் கோரஸின் லட்சணத்தைக் கண்டுபிடித்தார். டெமோவுக்காக வைத்திருந்த போர்டில் கணக்கு டீச்சர் பின்னக் கூட்டல் நடத்தினார். வண்ண வண்ணமாக வட்டம் வெட்டி, அழகான பாடம். எல்லோருக்கும் புரிந்தது. மறுநாள் அதே பிள்ளைகளை லேபில் உட்கார வைத்து, கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்வி போட்டார்கள். நான் பின்னால் நின்றிருந்தேன். கால் கூட்டல் மூன்றில் ஒன்று எவ்வளவு? இருபதில் பதினொரு திரையில் ஒரே விடை: ஏழில் இரண்டு. மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறார்கள். அதில் என் மகளும் ஒருத்தி.

டீச்சர் கோபப்படவில்லை. ஒரு திரை முன்னால் குனிந்து, "உங்கப்பா தறி ஓட்டறாரில்ல கண்ணு? மூணுல ஒரு மீட்டர் துணி இருக்குது. அதோட கால் மீட்டர் ஒட்டுனா, மொதல்ல இருந்ததை விடக் கம்மியாயிருமா?" என்றார். "ஆகாதுங்க டீச்சர்." "நீ போட்ட ஏழுல ரெண்டு, மூணுல ஒண்ணை விடச் சின்னது." அந்தப் பையன் திரையைப் பார்த்தான், விரலைப் பார்த்தான், அப்புறம் அழித்தான்.

இது நாங்கள் மட்டும் கண்டதல்ல. டெல்லியில் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் மற்றவர்களும் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. பள்ளி விட்டபின் ஒரு மையத்தில், பிள்ளையின் தரத்துக்கேற்பக் கேள்வி தரும் மென்பொருளில் 45 நிமிடம், சின்னக் குழுவாக ஓர் ஆளோடு 45 நிமிடம். நாலரை மாதத்தில் கணக்கில் நல்ல முன்னேற்றம், இந்தியிலும் கூட. எங்களிடம் அந்த மாதிரி மென்பொருள் கிடையாது. டீச்சரே கேள்வி தயாரிக்க வேண்டும், அது அவருக்குக் கூடுதல் பாரம். டெல்லி அளவு பலனை இங்கே எதிர்பார்ப்பதும் தப்பு.

கடைசியில் நாங்கள் பிரித்த கணக்கு இது. யூபிஎஸ் பேட்டரி, ஹெட்போன், பழுது பார்க்க 1.1 லட்சம். பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் ஒரு பெண் சாயங்காலம் லேபில் பிள்ளைகளோடு உட்கார மாதம் 6,000, வருடத்துக்குப் பத்து மாதம், மூன்று வருடம்: 1.8 லட்சம். சுண்டலுக்கு 1.15 லட்சம். (சுண்டல் எதற்கு என்று கேட்டவர்கள் நாலேகால் மணிக்குப் பசித்த பிள்ளையைப் பார்க்காதவர்கள்.) அறிவியல் அறைக்கு ஒரே ஒரு போர்டு, 1.4 லட்சம். மிச்சம் 55,000 கையிருப்பு. டேப்லெட் வேண்டாம் என்று முடிவானது. லேப் திறப்பது திங்கள், புதன், வெள்ளி நாலேகாலிலிருந்து ஐந்தரை. டவுன் பஸ் ஐந்தே முக்காலுக்கு என்பதால் அதற்கு மேல் ஒரு நிமிடமும் இழுக்க முடியாது.

திருப்பூர் நண்பருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நாலு போர்டு என்றால் நாலு அறையிலும் '1994 செட்டு உபயம்' என்று எழுதலாம். பேட்டரிக்கும் சுண்டலுக்கும் எங்கே எழுதுவது? ஹெச்எம் அம்மா சிரிக்காமல் சொன்னார்: "யூபிஎஸ் பெட்டி மேல எழுதிக்கலாமுங்க. நல்லா அகலமா எடம் இருக்குது."