போர்வெல் தண்ணீரை எதில் கணக்கிடுவது: கேலனா, லிட்டரா?

எங்கள் தென்னந்தோப்பில் 160 மரங்கள். போன வருடம் புதிதாக போர் போட்டோம். தண்ணீர் கண்டதும் ரிக் வண்டிக்காரர், "மணிக்கு 1,300 கேலன் வருதுங்க" என்றார். மோட்டார் பார்க்கப் போன கடையில் போருக்குள் தண்ணீரில் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டார்களில் இரண்டு எங்கள் ஆழத்துக்குப் பொருந்தின. ஒன்று நிமிடத்துக்கு 90 லிட்டர் தள்ளும். இன்னொன்றின் விவரத்தாளில் 24 ஜிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 24 கேலன் என்று இருந்தது. விலையும் அதுதான் குறைவு. ஆனாலும் நான் லிட்டர் போட்டிருந்ததைத்தான் வாங்கினேன்.

கேலனை லிட்டராக்குவது ஒரு பெருக்கல்தான், அதில் கஷ்டம் ஒன்றுமில்லை. எந்த கேலன் என்பதில்தான் சிக்கல். பிரிட்டிஷ்காரர்கள் 1824இல் பத்து பவுண்டு தண்ணீர் பிடிக்கும் அளவை ஒரு கேலன் என்று வைத்தார்கள், அது 4.546 லிட்டர். அமெரிக்க கேலன் 231 கன அங்குலம், வெறும் 3.785 லிட்டர். ஒன்றைவிட இன்னொன்று 20 சதவீதம் பெரியது. நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கேலன் பிரிட்டிஷ் கேலன். வெளிநாட்டு விவரத்தாள்களில் பெரும்பாலும் அமெரிக்க கேலன். இரண்டுக்கும் பெயர் ஒன்றே.

எங்கள் கணக்கையே பாருங்கள். ரிக்காரர் சொன்ன 1,300 கேலன் பிரிட்டிஷ் என்றால் நிமிடத்துக்கு 98 லிட்டர், அமெரிக்க கேலன் என்றால் 82 லிட்டர். அந்த 24 ஜிபிஎம் மோட்டார் ஒரு கணக்கில் 109 லிட்டர் இழுக்கும், இன்னொரு கணக்கில் 91 லிட்டர். ஊற்று 98, மோட்டார் 91 என்றால் நிம்மதி. ஊற்று 98, மோட்டார் 109 என்றால் போரில் தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டே போய், கடைசியில் மோட்டார் காற்றை இழுக்கும். சப்மெர்சிபிளுக்குச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் குளிர்ச்சி. அது இல்லாமல் ஓடினால் சூடேறி உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்துவிடும். அப்புறம் குழாயோடு மேலே தூக்கி, ரீவைண்டிங் செய்து, அதாவது சுருளைப் புதிதாகச் சுற்றி, திரும்ப இறக்க வேண்டும். விலையில் மிச்சமாகும் பணத்தைவிட அந்தச் செலவு அதிகம். "இது எந்த கேலனுங்க?" என்று கடையில் கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை.

லிட்டரில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை, நாமே அளந்தும் பார்த்துவிடலாம். மோட்டார் வாங்குவதற்கு முன்பே வாடகை மோட்டார் ஒன்றை இறக்கி நான்கு மணி நேரம் ஓட்டினோம். கேட் வால்வைத் திருகித் திருகி, காற்று கலக்காமல் ஒரே சீராக விழும் நிலைக்குக் கொண்டுவந்தோம். பிறகு 200 லிட்டர் பேரலை அடியில் வைத்து நேரம் பார்த்தோம். 125 விநாடியில் நிரம்பியது. நிமிடத்துக்கு 96 லிட்டர். ரிக்காரர் சொன்னது பிரிட்டிஷ் கேலன்தான் என்று அப்போதுதான் உறுதியானது.

சொட்டுநீருக்கும் லிட்டர்தான் தோது. டிரிப்பர்கள் எல்லாம் மணிக்கு 4 லிட்டர், 8 லிட்டர் என்றுதான் வருகின்றன. மரத்துக்கு நான்கு 8 லிட்டர் டிரிப்பர் போட்டிருக்கிறேன். மணிக்கு 32 லிட்டர். 160 மரத்துக்கு 5,120 லிட்டர். மோட்டார் தருவது மணிக்கு 5,400. ஒரே வால்வில் தோப்பு முழுக்கப் பாய்ந்துவிடுகிறது.

சில ஊர்களில் கேலனும் இல்லை, லிட்டரும் இல்லை, "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்பார்கள். 90 டிகிரி வி வடிவம் வெட்டிய பலகை வழியாகத் தண்ணீரை விட்டு, அந்த வெட்டில் எத்தனை அங்குல உயரத்துக்கு நிற்கிறது என்று பார்ப்பது அது. ஒரு அங்குலம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் எட்டரை லிட்டர், இரண்டு அங்குலம் என்றால் 48 லிட்டர். இஞ்ச் இரட்டித்தால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் கண் மதிப்பாகச் சொன்னால் மோட்டார் கணக்கு எங்கேயோ போய்விடும். கேலனையாவது பெருக்கிப் பார்க்கலாம், இந்த இஞ்சை நம்பி மட்டும் மோட்டார் வாங்காதீர்கள்.

வாய்க்கால் பாசனம் வேறு விஷயம், அதில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே கன அடியை விட்டுவிடச் சொல்ல மனம் வரவில்லை. விநாடிக்கு ஒரு கன அடி தண்ணீர் ஒரு மணி நேரம் ஓடினால், ஒரு ஏக்கரில் ஏறக்குறைய ஒரு அங்குலம் நிற்கும். ஏக்கரில் நிலம் வைத்திருப்பவருக்கு இவ்வளவு சுலபமான கணக்கு லிட்டரில் கிடையாது. மேட்டூர் செய்தி படிப்பவர்களுக்கும் அப்படித்தான்: விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. ஆனால் அதே ஒரு கன அடி, விநாடிக்கு 28.3 லிட்டர்; எங்கள் போரைப் போல ஏறக்குறைய 18 போர் சேர்ந்தால்தான் அவ்வளவு வரும். தோப்புக் கணக்குக்கு அது ரொம்பப் பெரிய படி.

இந்த மே மாதம் அதே பேரலை மறுபடி வைத்துப் பார்த்தேன். நிரம்ப 160 விநாடி ஆனது, நிமிடத்துக்கு 75 லிட்டர்தான். மணிக்கு 4,500 லிட்டர் 140 மரத்துக்குத்தான் போதும். அன்றைக்கே கேட் வால்வைக் குறைத்து வைத்து, தோப்பை இரண்டாகப் பிரித்து, காலையில் ஒரு பாதி, மாலையில் ஒரு பாதி என்று விட ஆரம்பித்தேன்.