ரேக்ளாக் குதிரைக்குக் குட்டி: தானே சுமக்கட்டுமா, வேறு குதிரை சுமக்கட்டுமா?

காணும் பொங்கலன்று திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடிப் பக்கம் ஓடும் ரேக்ளாவுக்குக் குதிரை வளர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நன்றாக ஓடுகிற பெண் குதிரையிடம்தான் குட்டி எடுக்க ஆசை வரும், ஆனால் சினை பதினோரு மாதம், அந்த வருஷம் பந்தயம் இல்லை. எங்கள் குதிரைக்கு ஒன்பது வயது. இந்தப் பங்குனியில் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

ஒரு வழி, பழையபடி ஆண் குதிரையோடு சேர்த்து அதுவே சுமப்பது. இன்னொன்று கருமாற்றம். சேர்த்தபின் சினைப்பையிலிருந்து முட்டை வெளிவந்த ஏழாம், எட்டாம் நாளில் கருப்பைக்குள் குழாய் விட்டுத் திரவத்தால் கழுவி, வெளியே வரும் கருவை மைக்ராஸ்கோப்பில் தேடி எடுத்து, வேறொரு பெண் குதிரையின் வயிற்றில் வைக்கிறார்கள். பிகானேரில் மத்திய அரசின் குதிரை ஆராய்ச்சி மையம் 2023-ல் மார்வாரிக் குட்டியை இப்படிப் பிறக்க வைத்தது. நம் குதிரை அடுத்த தையில் வழக்கம்போல ஓடலாம் என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் எங்கள் குதிரை தானே சுமக்கட்டும் என்றுதான் விட்டேன். காரணம் ஒன்றுதான், வாடகைத் தாய்க் குதிரையின் பராமரிப்பு.

பசுவுக்கு ஹார்மோன் ஊசி போட்டால் ஒரே தடவையில் பல கரு கிடைக்கும். குதிரை அப்படியில்லை, ஒரு கழுவலுக்குப் பெரும்பாலும் ஒரு கரு, சில தடவை அதுவும் இல்லை. அந்த ஒன்றை வாங்கிக்கொள்ளும் குதிரைக்கு, கொடுக்கிற குதிரைக்கு ஒரு நாள் முன்னிருந்து மூன்று நாள் பின்னுக்குள் முட்டை வெளிவந்திருக்க வேண்டும். ஒரே ஒரு குதிரையை நம்பி இந்தக் கணக்கைப் போட முடியாது, இரண்டு மூன்றாவது கட்டிப்போட வேண்டும். சரி, கருவை உறைய வைத்துக் காத்திருக்கலாமே என்றால், கழுவி எடுக்கும் நாளில் கரு பெரிதாக வீங்கியிருந்தால் உறையவைப்பதைத் தாங்காது.

ஒரு குதிரையிடம் கரு தங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சுமக்கப் பதினோரு மாதம், பால் கொடுக்க ஆறு மாதம். என் கொட்டிலில் ஒரு குதிரைக்குக் கொள்ளு, தவிடு, புல், லாடம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 250 ரூபாய் ஆகிறது. பதினேழு மாதத்துக்கு ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டும், சும்மா நின்ற மற்றக் குதிரைகளின் தீனி தனி. அதுவும் நம் ஊரில் வைக்கோல் கிடைக்கிற அளவுக்குக் குதிரைக்கான புல் கிடைக்காது. நேப்பியர் புல்லை மட்டுமே போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது, சினைக் குதிரைக்கு அது ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் வயலும் திடலும் தண்ணீரில் கிடக்கும்போது ஒரு குதிரையின் குளம்பைக் காய்ந்த தரையில் வைப்பதே பாடு, மூன்றுக்கு எங்கே போவது?

செலவைக் குறைக்க மட்டக் குதிரையை வாடகைத் தாயாக வைக்கலாமே என்று மச்சான் கேட்டார். கரு பெரிய சாதியாக இருந்தாலும் சிறிய கருப்பையில் வளர்ந்தால் குட்டி சிறிதாகத்தான் பிறக்கும். ரேக்ளாவுக்குக் கால் நீளம் வேண்டும், அதனால் அந்த யோசனையையும் விட்டோம்.

முட்டையை ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவைச் செலுத்தி, ஏழு முதல் பத்து நாள் வரை இன்குபேட்டரில் கருவை வளர்க்கும் முறையும் உண்டு. அந்தக் கரு சிறியது, உறையவைத்தால் தாங்கும், வாடகைத் தாய்க்குப் பருவம் வரும்வரை காத்திருக்கலாம். கருமாற்றம், இது இரண்டையும் நான் செய்து பார்த்ததில்லை, கால்நடை மருத்துவர்களிடம் கேட்டதும் படித்ததும்தான். நம் குதிரைக்குப் பதினெட்டு வயதாகியிருந்தாலோ, கருப்பையில் புண் இருந்து சினை நிற்காமல் போயிருந்தாலோ நானே பணத்தைப் புரட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருப்பேன்.

ஒன்பது வயதில் நல்ல கருப்பையோடு இருக்கிற குதிரைக்கு இழப்பு ஒரு காணும் பொங்கல். மாசிக் கடைசியில் குட்டி போடும், ஆவணி, புரட்டாசியில் பால் மறக்கடித்தால் அதற்கடுத்த தைக்குள் பழக்கிவிடலாம். இப்போது ஐப்பசி, ஏழாம் மாதம். லாயத்துத் தரையைச் செங்கல் போட்டு ஒரு அடி உயர்த்தியாயிற்று, நேற்று பெய்த மழையில் தண்ணீர் உள்ளே வரவில்லை.