மூடுபனி நாட்டுச் சுவருக்கு எந்த ஓவியம்?
இலங்கை மலைநாட்டின் ஹட்டன் பக்கத்தில் பிற்பகலிலேயே மூடுபனி சன்னலை அடைத்துவிடுவதால், வீட்டுச் சுவருக்குக் கியூபிச (பொருள்களைத் தளங்களாக உடைத்துக் காட்டும் பாணி) ஓவியத்தின் அச்சுப் பிரதியைத் தெரிவு செய்பவர் முதலில் தம் அறையின் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். ஜோர்ஜ் பிராக் 1910இல் வரைந்த வயலினும் மெழுகுவர்த்தித் தாங்கியும் உள்ள ஓவியம், பழுப்பும் சாம்பலுமான சிறு தளங்களாக உடைந்து கிடப்பது. எங்கள் முன்னறையில் அதை மாட்டியபோது, மங்கிய ஒளியில் வயலினின் வளைவுகூடத் தெரியவில்லை. நல்ல வெயில் விழும் அறையில் அதற்கு இணையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

யுவான் கிரிஸ் 1915இல் தீட்டிய, கட்டம்போட்ட மேசைவிரிப்பைக் காட்டும் அசையாப் பொருள் ஓவியமோ, திராட்சைக் குலை, போத்தல், செய்தித்தாள், கிட்டார் எனத் தெளிந்த விளிம்புகளோடு தூரத்திலிருந்தே பேசுகிறது. சற்று நின்று பார்த்தால் அப்பொருள்களே சேர்ந்து ஒரு காளையின் தலையாவதும், கீழேயுள்ள கோப்பை அதன் மூக்காவதும் புலப்படும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் காளையைக் கண்டுபிடித்த நாளை நான் மறக்கவில்லை. ஆகவே, மலைநாட்டு வீட்டுக்கு நான் கிரிஸையே சொல்வேன்.

எதை மாட்டினாலும், கண்ணாடி தாளைத் தொடாதபடி இடையில் தடித்த அட்டை விளிம்பு வைத்து, ஈரம் ஊறும் வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரில் மாட்டுங்கள்.